அலமாரிமேல் இருந்த ஆகாய விமானம்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல் என்னென்ன இருக்கின்றன? தீபாவளிக்கு மட்டும் கீழே இறங்கும் பலகாரச் சட்டி இருக்கும். பூட்டுக் கெட்டுப்போன ஒரு பழைய பெட்டி இருக்கும். அவற்றுக்கு அடியிலே, வீட்டில் யாரோ ஒருவர் ஆசை ஆசையாய் வாங்கி, செய்து முடிக்காமல் விட்ட ஏதேனும் ஒரு பொருளும் இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் அது ஓர் அட்டைப் பெட்டி. உள்ளங்கை அகலம், ஒரு முழ நீளம். மேல்மூடியில் பச்சையும் பழுப்புமாய் ஒரு போர் விமானம் பறப்பது போன்ற வண்ணப்படம். உள்ளே துண்டு துண்டாய் பிளாஸ்டிக். ஒட்டிச் சேர்த்தால் விமானம் ஆகும். அதை என் அண்ணன் 1978-ஆம் ஆண்டில் வாங்கினார். போன பள்ளி விடுமுறையில்தான் நானும் என் பேரனும் அதைக் கட்டி முடித்தோம். இடையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன.

'ஒரு விளையாட்டுப் பொருளைக் கட்டி முடித்ததற்கு இத்தனை பீடிகையா?' என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெட்டி ஏன் அத்தனை ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடந்தது என்பதைச் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அப்பாவின் கோபம்

அப்போது நாங்கள் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டுபவர். அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. விடுமுறை நாட்களில் அண்ணன் அம்மாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்து, பால் சேர்த்து உதவுவார். அம்மா கொடுத்த காசைச் சேர்த்து வைத்து, பட்டணத்தில் ஒரு கடையில் நான்கு வெள்ளி சொச்சம் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கி வந்தார்.

அன்று மாலை அப்பா பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பெருமையோடு பெட்டியைக் காட்டினார். மூடியிலிருந்த படத்தை அப்பா வெகுநேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இந்தத் தடி வண்டு என் வீட்டுக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அக்காலத்தில் அப்பாவிடம் காரணம் கேட்கும் பிள்ளைகள் ஏது?

அம்மா பெட்டியை எடுத்து அலமாரிமேல் வைத்தார். பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளை உடைத்தார்கள். நாங்கள் தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது, அம்மா அந்தப் பெட்டியையும் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். 2009-இல் அப்பா காலமானார். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், கேட்காமலே எனக்கு அந்தக் காரணத்தைச் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த விமானம் எது என்று பார்ப்போம்.

பறக்கும் பீப்பாய்

அதன் பெயர் புரூஸ்டர் பஃபலோ. பஃபலோ என்றால் எருமை. பெயருக்கு ஏற்ற உருவம்தான்! குட்டையாய், வயிறு பருத்து, மூக்கு மழுங்கி, பீப்பாய்க்கு இறக்கை முளைத்தது போல் இருக்கும். அமெரிக்காவில் நியூயார்க் நகரைச் சேர்ந்த புரூஸ்டர் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காக இதை வடிவமைத்தது. முதல் மாதிரி 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் பறந்தது.

ஐரோப்பாவில் போர் மூண்டதும் பிரிட்டனுக்கு விமானங்கள் போதவில்லை. 170 பஃபலோ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தவற்றை ஓட்டிப் பார்த்தபோது, ஜெர்மன் விமானங்களை எதிர்க்க இவை போதாது என்று தெரிந்துவிட்டது. நல்ல விமானங்களான ஸ்பிட்ஃபயர்களைத் தங்கள் நாட்டின் காவலுக்கு வைத்துக்கொண்டு, இவற்றை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள். கிழக்கே ஜப்பானியரை எதிர்க்க இதுவே போதும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பது 1941 டிசம்பரில் தெரிந்தது. ஜப்பானியரின் ஹயபூசா, ஜீரோ விமானங்கள் எடை குறைந்தவை, சட்டென்று திரும்பக் கூடியவை, மேலே விரைவாக ஏறக் கூடியவை. பஃபலோவோ கனத்தது. பல விமானங்களில் இருந்தவை ஏற்கெனவே ஓடித் தேய்ந்து புதுப்பிக்கப்பட்ட என்ஜின்கள். நம் நாட்டு வெக்கையில் என்ஜின் சூடேறும். எண்ணெய் கசிந்து முன்கண்ணாடியில் தெறிக்கும். எடையைக் குறைப்பதற்காகப் பெரிய துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுச் சிறியவற்றைப் பொருத்திய அணிகளும் உண்டு. ஓட்டியவர்களில் பலர் பயிற்சி முடித்து அதிக நாள் ஆகாத இளைஞர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இதே வகை விமானங்களில் 44-ஐ பின்லாந்து நாடு வாங்கியது. அந்தக் குளிர்தேசத்தில் தேர்ந்த விமானிகளின் கையில் அவை பிரமாதமாகப் போரிட்டன. அங்கே இன்றும் இதற்கு நல்ல பெயர். ரஷ்ய எல்லைக்குள் ஓர் ஏரியின் அடியில் கிடந்த ஒரு பின்லாந்து பஃபலோவை 1998-இல் தூக்கி எடுத்தார்கள். முழு உருவத்தோடு உலகில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். மலாயாவில் பறந்த பஃபலோக்களில் ஒன்றுகூட முழுதாய் மிஞ்சவில்லை. பார்க்க வேண்டுமென்றால், நாமே கட்டித்தான் பார்க்க வேண்டும்!

பெட்டிக்குள்ளே

இப்படிப்பட்ட பெட்டிகள் 1970-களில் நம் பட்டணங்களில் நிறையக் கிடைத்தன. ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனங்களும் ஜப்பானின் தமியாவும் பஃபலோவுக்கு அச்சு செய்து விற்றன. எங்கள் பெட்டி 72-க்கு 1 என்ற அளவு. இந்தக் கணக்கு எளிது: உண்மை விமானத்தின் ஆறு அடி, இங்கே ஓர் அங்குலம். பஃபலோவின் இறக்கை முனைக்கு முனை 35 அடி. ஆகவே மாதிரியில் அது ஆறு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. விமானி ஓர் அங்குலம்கூட இல்லை!

துண்டுகள் எப்படிச் செய்யப்படுகின்றன தெரியுமா? பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, இரும்பு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். உருகிய பிளாஸ்டிக் வாய்க்கால் போன்ற வழிகளில் ஓடி ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்பும். ஆறியதும், வாய்க்கால்களே ஒரு சட்டமாகவும் துண்டுகள் அதில் காய்த்துத் தொங்குவது போலவும் வெளிவரும்.

எங்கள் பெட்டியைத் திறந்தபோது கண்டவை இவை: ஒட்டுப்படத் தாள் பழுத்துப்போய் வெற்றிலைக் கறை நிறத்தில் இருந்தது. ஓர் இறக்கை வெயில் பட்ட பலகை போல் வளைந்திருந்தது. அண்ணன் வாங்கி வைத்த பசைக்குழாய் கல்லாகியிருந்தது. பின்சக்கரத்தைக் காணவில்லை. செய்முறைத் தாள் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் மூலையில் அண்ணனின் கையெழுத்து: 'முதல் வேலை — விமானி'. பதினாறு வயதில் அவர் போட்ட திட்டம்! அதையே எங்கள் திட்டமாகவும் வைத்துக்கொண்டோம்.

எப்படிக் கட்டுவது?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பெட்டி இருந்தால், அல்லது உங்கள் பிள்ளைக்கு ஒன்று கிடைத்தால், எங்கள் அனுபவம் உதவும். பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். நகவெட்டி, பிளேடு, மணல் தாள், துணிக் கவ்விகள், ரப்பர் வளையங்கள். கித்தா மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு ரப்பர் வளையத்துக்கா பஞ்சம்?

முதலில் சட்டங்களை அப்படியே, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு துண்டுகளில் ஒட்டியிருக்கும். அதைப் போக்காவிட்டால் பெயிண்ட் பிடிக்காது.

துண்டுகளை எல்லாம் ஒரே நாளில் பிய்த்துப் போடாதீர்கள். சட்டத்தில் இருக்கும்வரைதான் எண் தெரியும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் நகவெட்டியால் வெட்டி எடுங்கள். கையால் முறுக்கிப் பிய்த்தால் துண்டும் சேர்ந்து உடையும். விளிம்பில் மெல்லிய சவ்வு போல் பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் மெதுவாகச் சீவுங்கள். பழைய அச்சுகளில் இது சகஜம்.

வளைந்த இறக்கையை என்ன செய்தோம்? கொதிக்காத, கை பொறுக்காத அளவு சூடான நீரில் கரண்டியால் சில விநாடிகள் அமிழ்த்தினோம். இளகியதும் சமமான பலகையில் வைத்து, மேலே கனமான அகராதியை ஏற்றினோம். ஆறியதும் நேராகிவிட்டது. வெந்நீர் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

ஒட்டுமுன் ஒவ்வொரு துண்டையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். இதுதான் இந்தக் கலையின் பாதி. ஏனென்றால் இதற்கென்று விற்கும் பசை, காகிதப் பசை போல் இரண்டு துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பிடிப்பதில்லை. அது பிளாஸ்டிக்கையே கரைத்து, இரண்டையும் ஒன்றாய் உருக்கிவிடுகிறது. ஒட்டிய பிறகு 'தவறு' என்றால் பிரிக்க முடியாது. ஆகவே ஒரு துளி போதும். அதிகம் வைத்தால் பிதுங்கி வெளியே வந்து, தொட்ட இடத்தில் உங்கள் கைரேகையை நிரந்தரமாய்ப் பதித்துவிடும். எங்கள் விமானத்தின் வாலில் என் பேரனின் பெருவிரல் ரேகை இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெற்றோர்களே, ஓர் எச்சரிக்கை. இந்தப் பசையின் ஆவி உடம்புக்குக் கெடுதல். அறையை மூடிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. வாசலிலோ சன்னல் ஓரத்திலோ காற்றோட்டமாக உட்காருங்கள். வேலை முடிந்ததும் மூடியை இறுக்கி, பெரியவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பசை முகரும் பழக்கத்தால் கெட்டுப்போன பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் அந்த அச்சமே வேண்டாம்.

அண்ணன் எழுதி வைத்தபடி விமானியிலிருந்து தொடங்கினோம். பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனி மெலிந்த தூரிகையால் முகத்துக்கு வண்ணம் தீட்டினான். விமானியை இருக்கையில் ஒட்டி, உடற்பகுதியின் இரு பாதிகளையும் மூடி, ரப்பர் வளையங்களால் கட்டி இரவு முழுதும் விட்டோம். மறுநாள் இறக்கை. இணைப்பில் தெரிந்த இடைவெளியில், இதற்கென விற்கும் நிரப்புப் பசையை அப்பி, காய்ந்ததும் மணல் தாளால் தேய்த்தோம்.

பஃபலோவில் கடினமான பகுதி அதன் சக்கரக் கால்கள். மற்ற பல விமானங்களில் சக்கரங்கள் இறக்கைக்குள் மடங்கும். இதில் வயிற்றின் இரு பக்கங்களிலும் மடங்கி உள்ளே போகும். அதனால்தான் அந்தத் தொந்தி! மெல்லிய குச்சி போன்ற தாங்கிகள் ஒன்றோடு ஒன்று சரியான கோணத்தில் நிற்க வேண்டும். மூன்று முறை சாய்ந்தன. நான்காம் முறை, இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே விமானத்தைத் தலைகீழாய் நிறுத்தி ஒட்டினோம். நின்றது.

காணாமற்போன பின்சக்கரத்தை மிச்சச் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டித் தேய்த்து நாமே செய்தோம். வானொலிக் கம்பிக்கும் கடைக்குப் போகவில்லை. சட்டத்துண்டை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல் நூல் வரும். அதுதான் கம்பி. சுடர் வேலையும் பெரியவர்களுக்கே உரியது.

கண்ணாடிக் கூண்டை மட்டும் அந்தப் பசையால் ஒட்டாதீர்கள்! ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்து மங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும். பழைய கூண்டில் கீறல் இருந்தால் மென்துணியில் பற்பசை தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மினுங்கும்.

வண்ணமும் ஒட்டுப்படமும்

மலாயாவில் பறந்த பஃபலோக்களின் மேற்பகுதியில் கரும்பச்சையும் மண் பழுப்பும் அலை அலையாய் இருக்கும். அடிப்பகுதி வெளிறிய வான்நிறம். மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்குக் காடும் மண்ணும் போலவும், கீழேயிருந்து பார்ப்பவனுக்கு ஆகாயம் போலவும் தெரிய வேண்டும் என்பது யோசனை. பேரன் பச்சையைத் தீட்டி முடித்துவிட்டு, "தாத்தா, மேலேர்ந்து பார்த்தா நம்ம பழைய தோட்டம் மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். பால்மரத்து இலையும் செம்மண் சடக்கும் அந்த வண்ணத்தில் இருந்தன.

பெயிண்டைக் கெட்டியாய்ப் பூசாமல், நீர்த்து, இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். வெளிறிய நிறம் முதலில், இருண்ட நிறம் பிறகு.

மஞ்சளாகிப்போன ஒட்டுப்படத் தாளைக் குப்பையில் போடத் தேவையில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, படம் வெளிப்பக்கம் பார்க்கும்படி சன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வெயில் ஒன்றிரண்டு வாரங்களில் அந்த மஞ்சளை வெளுக்கச் செய்யும். எங்கள் தாள் பன்னிரண்டு நாட்களில் தெளிந்தது. ஆனால் பழைய படம் நீரில் போட்டதும் சுக்குநூறாக உடையக் கூடும். முன்கூட்டியே அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினால் ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு விமானத்தில் வைக்க வேண்டும். மேல் இறக்கையில் நீலமும் சிவப்பும் மட்டும் உள்ள வட்டம். அடி இறக்கையில் நடுவே வெள்ளையும் சேர்ந்த வட்டம். உடலில் உள்ளதற்கு மஞ்சள் வளையம் கூடுதல்.

அப்பா சொன்னது

ஒட்டுப்படம் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில் பேரன் கேட்டான்: "தாத்தா, இது தோத்துப்போன விமானந்தானே? ஜெயிச்ச விமானத்தைக் கட்டாம ஏன் இதைக் கட்டணும்?"

அப்போதுதான் அப்பா என்னிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

1941-இல் அப்பாவுக்கு ஒன்பது வயது. சுங்கைப் பட்டாணி விமானத் திடலில் ஆஸ்திரேலிய அணியின் பஃபலோக்கள் இருந்தன. தோட்டத்துக்கு மேலே தாழப் பறக்கும்போது பிள்ளைகளெல்லாம் லயத்துத் திடலுக்கு ஓடிவந்து கைதட்டுவார்களாம். 'நம்மைக் காப்பாற்ற வந்த கப்பல்' என்று தாத்தா சொல்வாராம். ஆகாயக் கப்பல் என்பதுதான் அப்போதைய பேச்சு.

டிசம்பர் 8, திங்கட்கிழமை. நள்ளிரவு கடந்ததும் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அன்று காலையிலேயே சுங்கைப் பட்டாணித் திடலில் குண்டுகள் விழுந்தன. பெரட்டு முடிந்து நிரைக்குப் போனவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வடக்கே புகை எழும்பியது. தரையில் நின்ற விமானங்கள் பலவும் அடிபட்டன. மறுநாள் மிஞ்சியவை தெற்கே பட்டர்வொர்த்துக்குப் போயின. பிறகு ஈப்போ, பிறகு கோலாலம்பூர், கடைசியில் சிங்கப்பூர். டிசம்பர் 22-இல் கோலாலம்பூர் வானத்தில் பெரும் சண்டை நடந்தது. அதில் பஃபலோ அணி கடும் இழப்பைச் சந்தித்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது.

அப்பா கண்டது அவ்வளவு பெரிய வரலாற்றை அல்ல. "கப்பல் எல்லாம் தெற்கே போச்சு. ரெண்டு நாள் கழிச்சு துரையும் காரை எடுத்துக்கிட்டுத் தெற்கே போயிட்டாரு. நாங்க மட்டும் அங்கேயே நின்னோம்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நான் கை தட்டினேன்'டா."

அடுத்து வந்த ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் அங்கே மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. என் பெரியப்பாவும் அந்த லாரியில் ஏறியவர்தான். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை. ஒரு படம்கூட வீட்டில் இல்லை.

அண்ணன் காட்டிய பெட்டியில் அப்பா பார்த்தது பிளாஸ்டிக் பொம்மையை அல்ல. தாம் கைதட்டிய ஒன்பது வயதையும், அதற்குப் பின் நடந்த அத்தனையையும்தான். இது எங்களுக்குத் தெரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

பேரன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஓட்டினவங்க மேலயா தப்பு?" என்றான். நானும் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அவர்கள் தோற்கவேண்டும் என்று வந்தவர்கள் அல்ல. அவர்களிலே நியூசிலாந்தின் ஜெஃப்ரி ஃபிஸ்கன் என்பவர் இருந்தார். பண்ணை வேலை செய்துகொண்டிருந்தவர். இந்தப் பருத்த விமானத்தையே ஓட்டி, சிங்கப்பூர் வானத்தில் ஆறு ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார். அப்படிப் போரிட்டவர்களும் உண்டு, முதல் நாளிலேயே இறந்தவர்களும் உண்டு. போதாது என்று தெரிந்த கருவியை அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, 'உங்களைக் காப்பார்கள்' என்று நம்மிடமும் சொன்னவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். வெட்டுக்கத்தி மழுங்கியிருந்தால் மரத்தையும் குறை சொல்ல முடியாது, வெட்டுபவனையும் குறை சொல்ல முடியாது என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாதா?

"அப்போ இதைத்தான் கட்டணும் தாத்தா" என்றான் பேரன்.

அண்ணனின் பங்கு

விமானத்தில் ஒரே ஒரு துண்டை நாங்கள் பொருத்தவில்லை. முன்னால் சுற்றும் காற்றாடி. அதைத் தனியே ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினோம். விமானத்தைச் செருப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, குளுவாங்கில் மகளோடு இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போனோம். அண்ணனுக்கு இப்போது கை நடுங்குகிறது. தேநீர்க் குவளையையே இரு கையால் பிடிக்கிறார்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்பாவைப் போலவேதான் பார்த்தார். அப்பா சொன்ன காரணத்தை அவரிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. தொலைபேசியில் சொல்லும் செய்தியா அது? அன்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கோபம் என்மேல இல்லையா அப்போ?"

"இல்லண்ணே."

பேரன் காற்றாடியை நீட்டினான். அண்ணனின் கை நடுங்கியதால் இரண்டு முறை தவறியது. பேரன் விமானத்தை அசையாமல் பிடித்துக்கொண்டான். மூன்றாம் முறை காற்றாடி அதன் இடத்தில் உட்கார்ந்தது. அண்ணன் விரல் நுனியால் மெல்லத் தட்டினார். சுற்றியது.

விமானம் இப்போது குளுவாங்கில், அப்பா அம்மா படத்துக்குக் கீழே இருக்கிறது. அண்ணன்தான் அந்த இடத்தைச் சொன்னார்.

வாசகர்களே, இந்தப் பொழுதுபோக்குக்கு ஆகும் செலவு பெரிதல்ல. சின்ன அளவுப் பெட்டி ஒன்று, பசை, நான்கு வண்ணங்கள், ஒரு தூரிகை. பழைய பெட்டி வீட்டிலேயே இருந்தால் இன்னும் சிக்கனம். பிள்ளைக்குப் பொறுமை வரும், விரல் பழகும், கைப்பேசி சற்று நேரம் ஓய்வெடுக்கும். போர் விமானமாக இருந்தால், அது யாருடைய தலைக்கு மேலே பறந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே கட்டுங்கள். சொல்லாமல் கட்டினால் அது வெறும் பொம்மை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது விமானமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அதை அங்கே வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.